கோடிங் இல்லாமல் கலப்பு விளைவு மாடல்: ஜமோவியில் தரவு திறப்பதிலிருந்து முடிவை எழுதுவது வரை

ஒரே நபரிடம் பல நாள் எடுத்த அளவுகள், ஒரே வகுப்பில் படிப்பவர்களின் மதிப்பெண்கள், ஒரே வயலின் பல பாத்திகளில் கிடைத்த விளைச்சல். இப்படிப்பட்ட தரவில் ஒரு குழுவுக்குள் இருக்கும் எண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். சாதாரண ரெக்ரஷன் (தரவின் ஊடே ஒரு கோடு பொருத்தும் முறை) இதைக் கண்டுகொள்ளாது. ஒவ்வொரு வரிசையையும் தனிச் சான்றாக எண்ணிக்கொள்ளும். கலப்பு விளைவு மாடல் அந்த ஒற்றுமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

இதற்கு ஆர் மொழியில் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அவசியமில்லை. ஜமோவி, ஜாஸ்ப் போன்ற இலவச மென்பொருள்களில் மாறிகளைப் பெட்டிகளுக்கு இழுத்துவிட்டே இந்த மாடலை ஓட்டலாம். உள்ளே வேலை செய்வது ஆர் மொழியின் எல்எம்இ4 தொகுப்புதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டிகளை எப்படி நிரப்பினாலும் மென்பொருள் ஏதோ ஒரு அட்டவணையைத் தந்துவிடும். ‘ரேண்டம்’ என்ற பகுதிக்குள் எதைப் போட்டீர்கள், நீங்கள் தொடாமல் விட்ட தேர்வுகளை மென்பொருள் எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே தரவில் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே தரவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தேர்வும் எந்த எண்ணை எவ்வளவு நகர்த்துகிறது என்று பார்த்தபடி போகிறது. கூடவே நீங்களும் செய்து பார்த்தால் இதே எண்கள் உங்கள் திரையிலும் வர வேண்டும்.

எந்த மென்பொருள்?

நான் பரிந்துரைப்பது ஜமோவியும் அதில் சேர்க்கும் கேம்எல்ஜே என்ற துணைத் தொகுப்பும். கேம்எல்ஜேயை எழுதியவர் இத்தாலியின் மிலானோ-பிகோக்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ச்செல்லோ கலூச்சி. சமவாய்ப்பு விளைவுகளை (ரேண்டம் எஃபெக்ட்ஸ், அதாவது குழுவுக்குக் குழு மாறும் பகுதிகளை) ஒவ்வொன்றாக நீங்களே எடுத்து வைக்கும்படி அதன் திரை அமைந்திருக்கிறது. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய உதவி.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாகும் ஜாஸ்ப் நேர்மாறானது. சேர்க்க முடிந்த எல்லாச் சாய்வுகளையும் (ஒரு மாறி ஓர் அலகு கூடும்போது விடை எவ்வளவு மாறுகிறது என்பதே சாய்வு) அது முதலிலேயே சேர்த்துவிடும். வேண்டாததை நீங்கள் நீக்க வேண்டும். பேய்சிய முறையில் கலப்பு மாடல் வேண்டுமென்றால் ஜாஸ்ப்தான் எளிய வழி. எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா இரண்டிலும் மெனு வழியாகச் செய்யலாம், ஆனால் இரண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அவற்றின் முன்னிருப்புத் தேர்வுகளில் சில பள்ளங்கள் உண்டு. பின்னால் அதற்கு வருகிறேன்.

பயிற்சித் தரவு

எல்எம்இ4 தொகுப்போடு ‘ஸ்லீப்ஸ்டடி’ என்றொரு தரவு வருகிறது. பெலென்கி முதலானோர் 2003இல் வெளியிட்ட தூக்கக் குறைப்பு ஆய்விலிருந்து எடுத்தது. 18 பேர், ஒவ்வொருவருக்கும் 10 நாள் (0 முதல் 9 வரை), ஆக 180 வரிசைகள். இரவில் 3 மணி நேரம் மட்டுமே தூங்கவிடப்பட்டவர்களின் எதிர்வினை நேரம், நாளுக்கு ஒரு சராசரியாக, மில்லிவினாடியில் பதிவாகியிருக்கிறது. மூன்றே பத்திகள்: ரியாக்‌ஷன், டேஸ், சப்ஜெக்ட். சிஎஸ்வி கோப்பாக இணையத்தில் எளிதில் கிடைக்கும்.

ஒரு விஷயம். முதல் இரண்டு நாட்கள் பழக்கப்படுத்தலுக்கும் பயிற்சிக்குமானவை, நாள் 2 அடிப்படை அளவு, தூக்கக் குறைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று எல்எம்இ4 ஆவணமே சொல்கிறது. உண்மையான ஆய்வென்றால் 0, 1 ஆகிய நாட்களை நீக்கிவிட்டே தொடங்க வேண்டும். மற்றவர்கள் வெளியிட்டிருக்கும் எண்களோடு ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று இங்கே பத்து நாளையும் வைத்துக்கொள்கிறோம்.

தரவைத் தயார் செய்தல்

கலப்பு மாடலுக்குத் தரவு நீள வடிவில் இருக்க வேண்டும்: ஒரு அளவீட்டுக்கு ஒரு வரிசை. ஆளுக்கு ஒரு வரிசை வைத்து நாள்1, நாள்2, நாள்3 என்று பக்கவாட்டில் பத்திகளை அடுக்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஜமோவியில் இதற்கென்றே ஜேரீஷேப் என்ற துணைத் தொகுப்பு இருக்கிறது. விரிதாளிலேயே வெட்டி ஒட்டி மாற்றுபவர்களும் உண்டு. பத்துப் பேர் தரவென்றால் சரி, அதற்கு மேல் போனால் ஏதாவது ஒரு வரிசை இடம் மாறிவிடும்.

சில நாள் அளவு விடுபட்டிருந்தால் அந்த வரிசை மட்டும் போகும், ஆள் முழுதாகப் போக மாட்டார். ஒரே ஆளைப் பலமுறை அளந்த தரவுக்கான ரிபீட்டட் மெஷர்ஸ் அனோவா என்ற சோதனையை விட்டு இந்தப் பக்கம் வருவதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் அளவு விடுபட்டதற்கான காரணம், பதிவாகாமல் போன அந்த மதிப்போடே சம்பந்தப்பட்டிருந்தால் (மிகவும் சோர்ந்துபோனவர்கள் மட்டும் வராமல் நின்றுவிட்டார்கள் என்பது போல) எந்த மாடலும் அதைத் தானாகச் சரிசெய்யாது.

கோப்பை ஜமோவியில் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு பத்தியின் வகையையும் சரிபார்ப்பது. பத்தியின் தலைப்பில் இருமுறை கிளிக் செய்தால் அதற்கான பகுதி திறக்கும். ரியாக்‌ஷன், டேஸ் இரண்டும் ‘கன்டினியுவஸ்’ ஆக இருக்க வேண்டும். சப்ஜெக்ட் ‘நாமினல்’ ஆக இருக்க வேண்டும். சப்ஜெக்ட் பத்தியில் 308, 309, 310, 330 என்று எண்கள் இருப்பதால் மென்பொருள் அதை அளவாகவே நினைத்துக்கொள்ளக்கூடும். நாட்களோ சில எண்களே திரும்பத் திரும்ப வருவதால் வகைப் பெயராக உள்ளே வரலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் டேஸ் பத்தி காரணியாகப் போய், ஒரு சாய்வு வர வேண்டிய இடத்தில் ஒன்பது ஒப்பீடுகள் வந்து நிற்கும்.

குழு அடையாளங்கள் எல்லா இடத்திலும் தனித்துவமாக இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ‘வகுப்பு 1’ என்று இருந்தால் மென்பொருளுக்கு அவை எல்லாம் ஒரே வகுப்பு. பள்ளி எண்ணையும் வகுப்பு எண்ணையும் சேர்த்து ஒரு புதுக் குறியீடு உருவாக்கிவிடுங்கள்.

நிறுவி, பெட்டிகளை நிரப்புதல்

ஜமோவியின் வலது மேல் மூலையில் ‘மாட்யூல்ஸ்’ என்ற கூட்டல் குறி இருக்கும். அதில் ‘ஜமோவி லைப்ரரி’ போய் கேம்எல்ஜே3 என்பதைத் தேடி நிறுவுங்கள். மேல் பட்டையில் ‘லீனியர் மாடல்ஸ்’ என்ற புதுச் சின்னம் வரும். அதற்குள் ‘மிக்ஸ்டு மாடல்’.

திரையில் நான்கு பெட்டிகள். ‘டிபெண்டன்ட் வேரியபிள்’ பெட்டிக்கு ரியாக்‌ஷன். ‘ஃபேக்டர்ஸ்’ வகைப் பெயர்களுக்கானது. நமக்கு எதுவும் இல்லை. ‘கோவேரியட்ஸ்’ பெட்டிக்கு டேஸ். ‘கிளஸ்டர் வேரியபிள்ஸ்’ பெட்டிக்கு சப்ஜெக்ட்.

கீழே மடிந்திருக்கும் பகுதிகளில் ‘ஃபிக்ஸ்டு எஃபெக்ட்ஸ்’ (நிலை விளைவுகள், அதாவது எல்லோருக்கும் பொதுவானவை) பகுதியைத் திறந்தால் டேஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அடுத்து ‘ரேண்டம் எஃபெக்ட்ஸ்’. இடது பக்கம் இரண்டு உருப்படிகள்: சப்ஜெக்ட் வாரியான வெட்டுத்துண்டு (இன்டர்செப்ட், அதாவது கோடு தொடங்கும் மதிப்பு) ஒன்று, சப்ஜெக்ட் வாரியான டேஸ் சாய்வு இன்னொன்று. இவற்றில் எவை வலது பக்கம் போக வேண்டும் என்பதுதான் இந்த முழு வேலையின் மையம். இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஒரே சாய்வு, மூன்று திட்டப்பிழைகள்

முதலில் எதுவும் இல்லாமல் சாதாரண ரெக்ரஷன் ஓட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு எதிர்வினை நேரம் 10.467 மில்லிவினாடி கூடுகிறது என்று வரும். திட்டப்பிழை (அந்த மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதன் அளவு) 1.238, டி-மதிப்பு (சாய்வை அதன் திட்டப்பிழையால் வகுத்தது) 8.45. ஆட்களைப் பற்றி இந்த மாடலுக்கு எதுவுமே தெரியாது. 180 வரிசைகளும் 180 தனி ஆட்கள் போல.

இப்போது கேம்எல்ஜேயில் வெட்டுத்துண்டை மட்டும் வலது பக்கம் நகர்த்துங்கள். “ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவில் தொடங்கலாம், ஆனால் எல்லோருக்கும் நாளொன்றுக்குக் கூடும் வேகம் ஒன்றுதான்” என்று மாடலிடம் சொல்கிறோம். சாய்வு அதே 10.467. திட்டப்பிழை 0.804 ஆகக் குறைந்துவிட்டது. டி-மதிப்பு 13.02. ஆட்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மீதப்பிழையிலிருந்து (மாடல் விளக்காமல் விட்ட பகுதியிலிருந்து) வெளியே எடுக்கப்பட்டுவிட்டதால் சாய்வு கூர்மையாகத் தெரிகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. பலர் இங்கேயே நிறுத்தி, கட்டுரையும் எழுதிவிடுகிறார்கள்.

நிறுத்தாதீர்கள். டேஸ் சாய்வையும் வலது பக்கம் நகர்த்துங்கள். சாய்வு இன்னும் 10.467தான். திட்டப்பிழை 1.546 ஆக ஏறிவிட்டது, அதாவது முந்தைய மாடலில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. டி-மதிப்பு 6.77. பி-மதிப்பு கணக்கிடப் பயன்படும் பாகை (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது தனிச் சான்றுகளின் எண்ணிக்கை போன்றது) 161இலிருந்து 17க்கு இறங்கிவிட்டது.

ஏன் இப்படி? தூக்கம் குறையும்போது எல்லோரும் ஒரே வேகத்தில் மந்தமாவதில்லை. 308ஆம் எண்காரருக்கு மட்டும் தனியாகக் கோடு போட்டால் நாளுக்கு 21.76 மில்லிவினாடி கூடுகிறது. 309ஆம் எண்காரருக்கு 2.26தான். 335ஆம் எண்காரரோ இறங்குமுகம், சாய்வு -2.88. ஆட்கள் இப்படிச் சிதறிக் கிடக்கையில் “பொதுவாக மனிதர்களுக்கு எவ்வளவு கூடும்” என்ற கேள்விக்குச் சான்று சொல்ல நம்மிடம் இருப்பது 18 சாய்வுகள் மட்டுமே. இதே ஆளை இன்னும் நூறு முறை அளந்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது.

இதைக் கையாலும் சரிபார்க்கலாம். 18 பேருக்கும் தனித்தனியே சாய்வு கண்டுபிடித்து, அந்த 18 எண்களுக்குச் சாதாரண ஒற்றை மாதிரி டி-சோதனை போட்டால் சராசரி 10.467, திட்டப்பிழை 1.546, பாகை 17 என்றே வரும். எல்லோருக்கும் ஒரே நாட்களில் அளவு இருப்பதால்தான் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. விடுபட்ட நாட்கள் இருந்தால் கலப்பு மாடல் தேவையான எடையை அதுவே பார்த்துக்கொள்ளும், டி-சோதனை பார்த்துக்கொள்ளாது.

ஆகவே நான் பின்பற்றும் விதி இது: ஒரு மாறி குழுவுக்குள்ளேயே மாறுகிறது என்றால் (ஒரே ஆளுக்குப் பல நாட்கள், ஒரே ஆளுக்கு இரண்டு சிகிச்சைகளும்), அதற்கான சாய்வையும் ரேண்டம் பகுதியில் வைத்துத் தொடங்குங்கள். ஆளுக்கு ஆள் மட்டுமே மாறும் மாறிகளுக்கு (வயது, பாலினம்) அந்தக் குழுவில் சாய்வு வைக்க வழியே இல்லை. ஒருவருக்குள் அது மாறவில்லையே. உறுதிப்படுத்தும் ஆய்வுகளில் வடிவமைப்பு அனுமதிக்கும் எல்லாச் சாய்வுகளையும் சேர்க்க வேண்டும் என்று பார் முதலானோர் 2013இல் வாதிட்டார்கள். தரவு தாங்காத அளவுக்குச் சேர்த்தால் உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்று மட்டுஷெக் முதலானோர் 2017இல் பதில் சொன்னார்கள். தொடக்கம் பார் சொல்வதுபோல், திணறினால் மட்டுஷெக் சொல்வதுபோல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

சாய்வு தேவைதானா என்று சோதிக்க, ரேண்டம் எஃபெக்ட்ஸ் பகுதியிலேயே எல்ஆர்டி சோதனைக்கான (சாய்வு உள்ள மாடலையும் இல்லாத மாடலையும் ஒப்பிடுவது) கட்டம் இருக்கிறது. டிக் செய்தால் சாய்வு சேர்த்ததில் கைவர்க்க மதிப்பு 42.8, பாகை 2 என்று வரும். சந்தேகத்துக்கே இடமில்லை.

நீங்கள் கேட்காமலே நடக்கும் மையப்படுத்தல்

உங்கள் திரையில் வெட்டுத்துண்டு 251.4 என்று வராமல் 298.5 என்று வந்திருக்கும். பயப்பட வேண்டாம். கேம்எல்ஜே அளவு மாறிகளின் சராசரியைத் தானாகவே கழித்துவிடுகிறது. டேஸ் மாறியின் சராசரி 4.5. ஆக அந்த வெட்டுத்துண்டு நாள் பூஜ்யத்துக்கானதல்ல, 4.5ஆம் நாளுக்கானது. கணக்கும் ஒத்துவரும்: 251.4 உடன் 10.467ஐ 4.5ஆல் பெருக்கிக் கூட்டினால் 298.5.

வெட்டுத்துண்டு மட்டும் மாறினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ரேண்டம் அட்டவணையைப் பாருங்கள். மையப்படுத்தாமல் ஓட்டினால் ஆட்களின் வெட்டுத்துண்டுச் சிதறல், அதாவது திட்ட விலக்கம், 24.7, வெட்டுத்துண்டுக்கும் சாய்வுக்கும் இடையே ஒட்டுறவு 0.07. மையப்படுத்தி ஓட்டினால் திட்ட விலக்கம் 37.5, ஒட்டுறவு 0.75! தரவு அதே, மாடலும் அடிப்படையில் அதேதான். ஆனால் ஒருவர் “தொடக்க நிலைக்கும் மந்தமாகும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை” என்று எழுதுவார், இன்னொருவர் “வலுவான தொடர்பு உண்டு” என்று எழுதுவார். முதலாமவர் நாள் பூஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் பாதிவழியைப் பற்றிப் பேசுகிறார். வேகமாக மந்தமாகிறவர் பாதிவழியில் ஏற்கெனவே மற்றவர்களை விடப் பின்தங்கித்தான் இருப்பார், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதை மாற்ற ‘கோவேரியட்ஸ் ஸ்கேலிங்’ பகுதியைத் திறந்து டேஸ் மாறிக்கு எதிரே உள்ள தேர்வை ‘சென்டர்டு’ என்பதிலிருந்து மூல அளவுக்கு மாற்றினால் போதும். எதைத் தேர்ந்தாலும் சரி, எதைத் தேர்ந்தீர்கள் என்பதைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

அங்கேயே ‘கிளஸ்டர்வைஸ்’ என்ற தேர்வும் உண்டு. அது ஒவ்வொரு குழுவின் சொந்தச் சராசரியைக் கழிக்கும். ஒரு மாறி குழுவுக்குள்ளும் குழுக்களுக்கு இடையேயும் மாறும்போது இது மிகவும் தேவைப்படும். படிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: அதிகம் படிக்கும் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுப்பது ஒரு விஷயம், ஒரே பிள்ளை வழக்கத்தைவிட அதிகம் படித்த வாரத்தில் நல்ல மதிப்பெண் எடுப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே சாய்வாக விட்டால் கலவையான ஒரு எண் வரும், அதற்குத் தெளிவான பொருள் இருக்காது. குழுச் சராசரியை ஒரு தனிப் பத்தியாகவும் அதிலிருந்து விலகலை இன்னொரு பத்தியாகவும் வைத்து இரண்டையும் மாடலில் போடுவது நல்ல வழக்கம்.

காரணிகளுக்கும் இப்படி ஒரு மறைவான தேர்வு உண்டு. ஆர் மொழியின் முன்னிருப்பில், ஊடாட்டம் (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது) உள்ள மாடலில் ஒரு காரணியின் கெழு மற்ற காரணியின் அடிப்படைப் பிரிவில் மட்டும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும். கேம்எல்ஜேயில் அது எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்த சராசரி வித்தியாசம். நண்பர் ஆரில் ஓட்டியதும் நீங்கள் ஜமோவியில் ஓட்டியதும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

வெளியீட்டை வாசிப்பது

மேலே ஆர்-ஸ்கொயர் இரண்டு வரும். ‘மார்ஜினல்’ என்பது நிலை விளைவுகள் மட்டும் விளக்கும் பங்கு, இங்கே 0.28. ‘கண்டிஷனல்’ என்பது ஆட்களின் வித்தியாசத்தையும் சேர்த்து, 0.80. கண்டிஷனல் எண்ணை மட்டும் எடுத்து “எங்கள் மாடல் 80 சதவீதம் விளக்குகிறது” என்று எழுதுவது நியாயமில்லை. அதில் பெரும்பகுதி ஆளுக்கு ஆள் வேறு என்பதைத்தான் சொல்கிறது.

ஐசிசி என்ற எண் ஒரே குழுவில் இருக்கும் இரு அளவுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது. வெட்டுத்துண்டு மட்டும் உள்ள மாடலில் ஆட்களின் திட்ட விலக்கம் 37.12, மீதத்தின் திட்ட விலக்கம் 30.99. இரண்டையும் வர்க்கப்படுத்தி முதலாவதை மொத்தத்தால் வகுத்தால் 0.59. சாய்வு சேர்த்த பிறகு ஐசிசி நாளுக்கு நாள் மாறும் என்பதால் அந்த ஒற்றை எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு ஆளுக்கும் மாடல் தரும் சாய்வு, தனியாகக் கோடு போட்டு வந்ததைவிடச் சராசரியை நோக்கி நகர்ந்திருக்கும். 308ஆம் எண்காரர் 21.76இலிருந்து 19.67க்கு வருகிறார், 335ஆம் எண்காரர் -2.88இலிருந்து -0.28க்கு. பத்து அளவுகளை வைத்து ஒருவரை முழுதாக நம்பிவிடாமல், மற்ற பதினேழு பேரிடமிருந்தும் மாடல் கொஞ்சம் கற்றுக்கொள்கிறது. வரைபடப் பகுதியில் ரேண்டம் விளைவுகளையும் காட்டச் சொன்னால் 18 கோடுகளும் விசிறியாக விரிவது தெரியும். என்னைக் கேட்டால் எந்த அட்டவணையையும் விட இந்தப் படத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பி-மதிப்புக்கான பாகை கணக்கிட சாட்டர்த்வெயிட், கென்வர்ட்-ரோஜர் என்று இரு முறைகள். குழுக்கள் குறைவாக இருந்தால் இரண்டாவது கொஞ்சம் பாதுகாப்பானது. ஆர்இஎம்எல் (சிதறல்களை மதிப்பிடும் ஒரு முறை) என்ற கட்டத்தை டிக் செய்தபடியே விடுங்கள். நிலை விளைவுகளில் வேறுபடும் இரு மாடல்களை ஏஐசி (மாடல்களின் பொருத்தத்தை ஒப்பிட உதவும் எண்) கொண்டு ஒப்பிடும்போது மட்டும் எடுத்துவிடுங்கள்.

சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தால்

‘சிங்குலர் ஃபிட்’ என்றால் ஏதோ ஒரு ரேண்டம் சிதறல் பூஜ்யத்தில் போய் முட்டியிருக்கிறது, அல்லது ஒரு ஒட்டுறவு சரியாக 1 அல்லது -1 ஆகிவிட்டது. நீங்கள் கேட்ட அளவுக்குத் தரவில் தகவல் இல்லை. ‘கன்வர்ஜ்’ ஆகவில்லை என்றால் கணக்கீடே முடிவுக்கு வரவில்லை. அந்த அட்டவணையைப் பயன்படுத்தவே கூடாது.

கன்வர்ஜ் ஆகாததற்கு அளவுகோல் வேறுபாடு அடிக்கடி காரணமாகிறது. ஒரு மாறி ஆயிரங்களிலும் இன்னொன்று தசமத்திலும் இருந்தால் தரப்படுத்திப் பாருங்கள். சிங்குலர் என்றால் முதலில் ஒட்டுறவை விடுங்கள்: ரேண்டம் பகுதியில் ‘நாட் கோரிலேட்டட்’ என்ற தேர்வு இருக்கிறது. அப்புறமும் சரியாகவில்லை என்றால் எந்தச் சிதறல் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தச் சாய்வை நீக்குங்கள். ஆய்வின் முக்கியக் கேள்வி எந்த மாறியைப் பற்றியதோ அதன் சாய்வைக் கடைசியில்தான் தொட வேண்டும். பி-மதிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே எதை நீக்குவது என்று முடிவெடுப்பது மோசடிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

குழுக்கள் மூன்று நான்குதான் என்றால் அதைக் கிளஸ்டர் பெட்டியில் போடாதீர்கள். அத்தனை குறைந்த குழுக்களை வைத்துச் சிதறலை மதிப்பிட முடியாது. சாதாரணக் காரணியாக நிலை விளைவுகளில் சேர்த்துவிடுங்கள்.

அதே மாடல் மற்ற மென்பொருளில்

எஸ்பிஎஸ்எஸ்ஸில் ‘அனலைஸ்’, ‘மிக்ஸ்டு மாடல்ஸ்’, ‘லீனியர்’. முதல் திரையில் சப்ஜெக்ட்டை ‘சப்ஜெக்ட்ஸ்’ பெட்டியில் வைத்து அடுத்ததற்குப் போங்கள். ‘ரேண்டம்’ பொத்தானுக்குள் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வெட்டுத்துண்டைச் சேர்க்கும் கட்டம் டிக் இல்லாமல் இருக்கும், டிக் செய்யுங்கள். கீழே உள்ள பெட்டிக்கு சப்ஜெக்ட்டை மறுபடியும் நகர்த்த வேண்டும். முதல் திரையில் சொன்னது போதாது. கோவேரியன்ஸ் வகை ‘வேரியன்ஸ் காம்போனென்ட்ஸ்’ என்று இருக்கும், அதாவது வெட்டுத்துண்டுக்கும் சாய்வுக்கும் ஒட்டுறவே இல்லை என்று மாடல் எடுத்துக்கொள்ளும். ‘அன்ஸ்ட்ரக்சர்டு’ என்று மாற்றினால்தான் மேலே பார்த்த எண்கள் வரும். மாற்றாவிட்டால் திட்ட விலக்கங்கள் (எஸ்பிஎஸ்எஸ் காட்டும் மாறுபாடுகளின் வர்க்கமூலம்) வெட்டுத்துண்டுக்கு 25.05, சாய்வுக்கு 5.99 என்று வரும். ஒட்டுறவோடு வருபவை 24.74, 5.92. இங்கே வித்தியாசம் சின்னது, உங்கள் தரவில் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பொத்தானில் கேட்காமல் எஸ்பிஎஸ்எஸ் கெழுக்களையே காட்டாது.

ஸ்டேட்டாவின் மெனுவும் ஒட்டுறவில்லாமல்தான் தொடங்குகிறது. அதோடு ஆர்இஎம்எல் இல்லாமல் எம்எல் (சிதறலைச் சற்றுக் குறைத்து மதிப்பிடும் முறை) முறையில் கணக்கிட்டு, பாகையே பார்க்காமல் இயல்நிலைப் பரவலை வைத்துப் பி-மதிப்பு தரும். இந்தத் தரவில் எம்எல் முறையில் சாய்வின் திட்டப்பிழை 1.546க்குப் பதில் ஏறக்குறைய 1.50. 18 பேர் இருக்கையில் இது சிறிய வித்தியாசம். எட்டுப் பேர் என்றால் சிறியதாக இருக்காது.

வரைபடச் சரிபார்ப்பு

‘அஸம்ப்ஷன் செக்ஸ்’ பகுதியில் மீதங்களுக்கான வரைபடங்களை டிக் செய்யுங்கள். நம் தரவில் பெரும்பாலான புள்ளிகள் ஒழுங்காக இருக்கும், இரண்டு மூன்று மட்டும் தூரத்தில் தெறித்து நிற்கும். அதில் பெரியது 332ஆம் எண்காரரின் 6ஆம் நாள்: முந்தைய நாள் 310, அன்று 454, மறுநாள் 347 மில்லிவினாடி. மாடல் எதிர்பார்த்ததைவிட ஐந்து திட்ட விலக்கத்துக்கும் மேலே. இப்படிப்பட்ட புள்ளியைப் பார்த்த உடனே நீக்கிவிடாதீர்கள். அந்த ஒருவரை நீக்கி ஒருமுறை ஓட்டி, முடிவு எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். அசையவில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு முழுத் தரவோடு இருங்கள். மீதங்கள் விசிறிபோல் விரிந்துகொண்டே போனால் எதிர்வினை நேரத்தின் மடக்கையை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இயல்நிலைச் சோதனைகளின் பி-மதிப்பைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. தரவு பெரிதானால் அவை சும்மாவே எச்சரிக்கும்.

வேறு வகைத் தரவு

விடை ஆம்-இல்லை என்றாலோ, எண்ணிக்கை என்றாலோ ‘ஜெனரலைஸ்டு மிக்ஸ்டு மாடல்’ பக்கம் போக வேண்டும். ஆம்-இல்லைக்கு லாஜிஸ்டிக், எண்ணிக்கைக்குப் பாய்சான். சிதறல் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தால் நெகட்டிவ் பைனாமியல். பெட்டிகள் அதேபோல்தான். மாடல் திணறுவது இங்கே அதிகம், ஓட நேரமும் பிடிக்கும்.

எல்லோருக்கும் ஒரே சொற்பட்டியலையோ படங்களையோ காட்டும் சோதனைகளில் ஆட்களும் உருப்படிகளும் குறுக்காக அமைந்திருக்கும். கிளஸ்டர் பெட்டியில் இரண்டையும் போடுங்கள். ரேண்டம் பகுதியில் இரண்டுக்கும் வெட்டுத்துண்டு வரும். உருப்படிகளை விட்டுவிட்டால் நீங்கள் காட்டிய அந்த இருபது சொற்களைப் பற்றி மட்டுமே உங்களால் பேச முடியும், மொழியைப் பற்றிப் பேச முடியாது. உளமொழியியலில் 1973இலேயே கிளார்க் எழுப்பிய புகார் இது.

எழுதுவதும் சேமிப்பதும்

முறைகள் பகுதியில் இவ்வளவாவது இருக்கட்டும்: “எதிர்வினை நேரத்துக்கு நேரியல் கலப்பு விளைவு மாடல் பொருத்தப்பட்டது (ஜமோவி, கேம்எல்ஜே). நாள் நிலை விளைவு. 18 பங்கேற்பாளர்கள் வாரியாக வெட்டுத்துண்டும் நாளின் சாய்வும், ஒட்டுறவோடு, சமவாய்ப்பு விளைவுகள். ஆர்இஎம்எல் மதிப்பீடு, சாட்டர்த்வெயிட் பாகை. நாள் மையப்படுத்தப்படவில்லை.” முடிவுகள் பகுதியில் சாய்வு 10.47, திட்டப்பிழை 1.55, டி(17) = 6.77, நம்பிக்கை இடைவெளி, அதோடு சமவாய்ப்பு விளைவுகளின் திட்ட விலக்கங்கள் 24.74, 5.92, மீதம் 25.59. பலர் இந்தக் கடைசி மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். சாய்வின் சராசரி 10.5, ஆட்களுக்கிடையே திட்ட விலக்கம் 5.9 என்று சேர்ந்து பார்த்தால்தான், சிலருக்குத் தூக்கமின்மை ஏறக்குறைய பாதிப்பதே இல்லை என்பது வாசகருக்குத் தெரியும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் துணைத் தொகுப்பின் பதிப்பு எண்ணையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கிளிக் செய்து செய்த வேலைக்குத் தடயம் இருக்காது என்ற குற்றச்சாட்டு ஜமோவிக்குப் பொருந்தாது. ஓஎம்வி கோப்பாகச் சேமித்தால் தரவு, நீங்கள் தேர்ந்த எல்லாத் தேர்வுகள், முடிவுகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். வேறொருவர் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தை மாற்றினால் அட்டவணை உடனே மாறும். வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் ‘சின்டாக்ஸ் மோட்’ டிக் செய்தால் ஒவ்வொரு முடிவுக்கும் மேலே அதற்கான ஆர் வரிகள் தோன்றும். அதை நகலெடுத்துப் பின்னிணைப்பில் ஒட்டிவிடலாம். பங்கேற்பாளர் விவரங்கள் உள்ள தரவென்றால் ஓஎம்வி கோப்பை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள், தரவு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.